குறுக்குவெட்டுச் சறுக்குப்பலகை

குறுக்குவெட்டுச் சறுக்குப்பலகை என்பது மேசை ரம்பத்தில் மரத்துண்டுகளைச் செங்கோணமாகவும் ஒரே நீளத்திலும் திரும்பத் திரும்ப வெட்டுவதற்காகத் தச்சர்கள் தாமே செய்துகொள்ளும் ஒரு துணைக்கருவி ஆகும். ரம்ப மேசையின் மீது வழுக்கிச் செல்லும் ஒரு பலகை, அதன் அடியில் மேசையின் பள்ளத்துள் ஓடும் ஒன்று அல்லது இரண்டு சட்டங்கள், வெட்டப்படும் மரத்தை அணைத்து வைப்பதற்குப் பலகையின் மேல் ஒரு தடுப்புச் சட்டம் ஆகியவையே இதன் முதன்மை உறுப்புக்கள். செய்வதற்கு எளிது. ஆயினும் தடுப்புச் சட்டம் ரம்பத் தகட்டுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்காவிட்டால், இது ஒரே பிழையைத் தவறாமல் திரும்பச் செய்யும் கருவியாகிவிடும். ஆகவே இக்கட்டுரையில் அச்சட்டத்தைச் சரிசெய்யும் முறை சற்று விரிவாகவே விளக்கப்படுகின்றது.

பெயர்

இத்தகைய துணைக்கருவிகள் பட்டறைகளில் பொதுவாக ஜிக் என்றே அழைக்கப்படும். பொறியியல் பாடநூல்கள் ஜிக், பிக்ஸ்சர் என்ற இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. வெட்டும் கருவிக்கு வழிகாட்டுவது ஜிக். வேலைப்பொருளை அசையாமல் பிடித்து வைப்பது மட்டுமே பிக்ஸ்சர். இவ்வரையறையின்படி சறுக்குப்பலகை இரண்டிலும் முழுமையாக அடங்காது. இங்கே கருவி ஓரிடத்தில் நிற்க, வேலைப்பொருளே வழிகாட்டப்படுகின்றது. தச்சு வேலையில் இவ்வேறுபாடு பெரிதாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் இங்கும் ஜிக் என்பதே பொதுப்பெயராகக் கையாளப்படுகின்றது. அவ்வாறே தமிழகத்தில் ரம்பம் எனப்படுவதும் இலங்கையில் வாள் எனப்படுவதும் ஒன்றே.

மேசை ரம்பம்

தட்டையான மேசையொன்றின் நடுவிலுள்ள பிளவு வழியாக, சுழலும் வட்டத் தகட்டின் மேற்பகுதி மட்டும் வெளியே நிற்குமாறு அமைந்த இயந்திரமே மேசை ரம்பம். சாமுவேல் மில்லர் என்னும் ஆங்கிலேயர் 1777 ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையிலேயே வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுள்ளது. அமெரிக்காவில் ஷேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த டபிதா பாபிட் என்ற பெண்மணி 1813 ஆம் ஆண்டில் இதனைக் கண்டுபிடித்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. மில்லரின் காப்புரிமை அதற்கு 36 ஆண்டுகள் முந்தியது என்பதால் இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. செருமனியில் வில்கெல்ம் ஆல்ட்டென்டார்ஃப் 1906 ஆம் ஆண்டில் மேசையின் ஒரு பகுதியே மரத்துடன் சேர்ந்து நகரும் வகை ரம்பத்தை உருவாக்கினார். மரத்தளபாடத் தொழிற்சாலைகளில் இன்று காணப்படும் பெரிய பலகை ரம்பங்கள் இவ்வழியில் வந்தவை. சறுக்குப்பலகை, அந்த நகரும் மேசையின் வேலையைச் சிறிய ரம்பத்தில் குறைந்த செலவில் செய்கின்றது எனலாம்.

மரத்தை வெட்டுவது இரு வகைப்படும். நாரோட்டத்தின் வழியே நீளவாக்கில் வெட்டுவது ஒன்று. இதற்குத் தகட்டுக்கு இணையாக நிற்கும் பக்கச் சட்டம் உதவும். நாரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டுவது மற்றொன்று. இதற்காக ரம்பத்துடன் ஒரு கோணத்தள்ளி தரப்படுகின்றது. அரைவட்டக் கோணமானி ஒன்றை நீண்ட இரும்புச் சட்டத்தின் மேல் பொருத்தியது போன்ற தோற்றம் உடையது இது. இதன் முகப்பு குறுகியது. பள்ளத்துள் சிறிது ஆட்டமும் இருக்கும். மேலும் மரம் மேசையின் மீது உராய்ந்துகொண்டே நகர்வதால், நீளமான துண்டு ஒருபுறமாகத் திரும்பப் பார்க்கும். கோணத்தள்ளியால் நன்றாக வெட்ட முடியாது என்பதன்று. பத்துத் துண்டுகளை ஒன்றுபோல் வெட்டுவது கடினம் என்பதே குறை.

பிழை பெருகும் விதம்

கால் பாகைப் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 600 மில்லிமீட்டர் அகலமுள்ள அலமாரித் தட்டொன்றை 0.25 பாகை பிழையுடன் வெட்டினால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏறத்தாழ 2.6 மி.மீ. வேறுபாடு ஏற்படும். அலமாரியின் கதவு மூடாமல் போவதற்கு இதுவே போதுமானது.

பல துண்டுகளைச் சுற்றிலும் பொருத்தும்போது நிலைமை இன்னும் மோசமாகின்றது. அறுகோணச் சட்டகம் ஒன்றுக்கு ஆறு துண்டுகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் இரு முனைகளாக மொத்தம் 12 வெட்டுக்கள். ஒவ்வொன்றும் 30 பாகையில் அமைய வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் 0.25 பாகை ஒரே திசையில் தவறினால், 12 வெட்டுக்களிலும் சேர்ந்து 3 பாகை ஆகிவிடும். முதல் ஐந்து மூட்டுக்களும் கச்சிதமாகப் பொருந்துவது போலவே தோன்றும். தவறு முழுவதும் ஆறாவது மூட்டில் வந்து நிற்கும். துண்டுகளின் அகலம் 50 மி.மீ. ஆனால் அம்மூட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. வாய் திறந்திருக்கும். எண்கோணமானால் 16 வெட்டுக்கள், 4 பாகை. மரத்தை வீணாக்கிய பின்னரே பிழை வெளிப்படுவதுதான் இதிலுள்ள துன்பம். தேக்கு விலையை அறிந்தவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

உறுப்புக்களும் செய்முறையும்

முதலில் ரம்பத்தையே சோதித்துக்கொள்ள வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, தகட்டின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அப்பல் முன்புறம் இருக்கும்போது பள்ளத்திலிருந்து அதன் தூரத்தையும், கையால் தகட்டைச் சுழற்றி அதே பல்லைப் பின்புறம் கொண்டுவந்து அங்குள்ள தூரத்தையும் அளக்கவேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் தகடு பள்ளத்துக்கு இணையாக உள்ளது. ஒரே பல்லைப் பயன்படுத்துவதற்குக் காரணம், தகட்டில் சிறிது நெளிவு இருந்தாலும் அளவு மாறாது என்பதே. இச்சோதனையைச் செய்யாமல் எவ்வளவு நுட்பமாகச் சறுக்குப்பலகை செய்தாலும் பயனில்லை.

அடிப்பலகைக்கு 12 அல்லது 18 மி.மீ. ஒட்டுப்பலகை ஏற்றது. திண்மரம் பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அம்மாற்றம் மிகக் குறைவு. 600 மி.மீ. அகலமும் 500 மி.மீ. ஆழமும் பொதுவான வேலைகளுக்குப் போதும். தடித்த பலகை உறுதியானதே. ஆனால் பலகையின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு வெட்டின் ஆழம் குறையும் என்பதைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

அமெரிக்க அளவில் செய்யப்பட்ட ரம்பங்களில் பள்ளம் பெரும்பாலும் முக்கால் அங்குல அகலமும் முக்கால் அங்குலத்தில் பாதி ஆழமும் உடையது. அதாவது ஏறத்தாழ 19 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம். ஓடுசட்டங்கள் இதனுள் ஆட்டமின்றியும் இறுக்கமின்றியும் ஓடவேண்டும். தேக்குப் போன்ற நிலையான மரத்தில் இவற்றைச் செய்யலாம். இழைப்புளியால் சீவிச் சீவிப் பார்த்துப் பொருத்துவதே நல்லது. அளந்து ஒரே மூச்சில் வெட்டுவது அரிதாகவே பொருந்தும். ஓடுசட்டத்தின் உயரம் பள்ளத்தின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். இல்லையேல் அடிப்பலகை மேசையில் படியாது.

ஓடுசட்டங்களை அடிப்பலகையுடன் ஒட்டுவதற்குத் தச்சர்கள் கையாளும் முறை எளிமையானது. பள்ளத்துள் ஆங்காங்கே நாணயங்களைப் போட்டு, அவற்றின் மேல் ஓடுசட்டங்களை வைத்தால், அவை மேசை மட்டத்துக்கு மேல் சிறிதளவு எழும்பி நிற்கும். அவற்றின் மேல் மரப்பசை தடவி, அடிப்பலகையை மேலே வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிட வேண்டும். பள்ளத்திலேயே ஒட்டப்படுவதால் இரு சட்டங்களும் பள்ளங்களுக்கு இணையாகவே அமையும். தனியே அளக்க வேண்டியதில்லை. காய்ந்த பின் அடியிலிருந்து சிறு திருகாணிகளை இட்டு உறுதிப்படுத்தலாம். தகடு செல்லும் வழியில் ஆணியோ திருகாணியோ இருக்கக்கூடாது.

இனி, தச்சர் நிற்கும் பக்கத்திற்கு எதிர்ப்புறத்தில் ஓர் இணைப்புச் சட்டத்தைப் பொருத்தவேண்டும். பலகை இரண்டாகப் பிளந்துவிடாமல் பிடித்துவைப்பது மட்டுமே இதன் வேலை என்பதால் இது செங்கோணத்தில் நிற்கவேண்டிய அவசியம் இல்லை. பின்னர் ரம்பத்தை ஓட்டி, தகட்டை மெல்ல உயர்த்திப் பலகையின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு வெட்டுத்தடம் இடவேண்டும். இத்தடத்துக்கு மூலைமட்டம் பிடித்து, தச்சர் நிற்கும் பக்கத்தில் தடுப்புச் சட்டத்தை வைத்து, வலது முனையில் ஒரு திருகாணியால் இறுக்கவேண்டும். இதுவே சுழலச்சாக அமையும். இடது முனையை இப்போதைக்குப் பிடிக்கருவியால் மட்டும் பிடித்து வைத்தல் வேண்டும். அம்முனையை நகர்த்தித்தான் கோணம் சரிசெய்யப்படும்.

தமிழகத்துச் சிறு பட்டறைகளில் கைவட்ட ரம்பத்தை மரமேசையொன்றின் அடியில் தலைகீழாகப் பொருத்திப் பயன்படுத்துவதுண்டு. இவற்றில் பள்ளம் இருக்காது. மேசையின் இரு பக்க விளிம்புகளையும் தகட்டுக்கு இணையாகச் சீவிவிட்டு, ஓடுசட்டங்கள் அவ்விளிம்புகளை வெளிப்புறமாக அணைத்துச் செல்லுமாறு சறுக்குப்பலகையைச் செய்துகொள்ளலாம். ஓடுசட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம் அதிகமாக இருப்பதால், விளிம்புகள் நேராக இருக்கும்வரை இது மோசமான ஏற்பாடு அன்று.

ஐந்து வெட்டு முறை

மூலைமட்டத்தைக் கொண்டு செங்கோணம் பார்ப்பதில் இரு குறைகள் உண்டு. மூலைமட்டமே சரியானதுதானா என்பது முதல் ஐயம். சட்டத்துக்கும் மூலைமட்டத்துக்கும் இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிகின்றதா என்று கண்ணால் முடிவு செய்வது இரண்டாவது. ஐந்து வெட்டு முறைக்கு மூலைமட்டமே தேவையில்லை. நாற்கரத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்னும் பள்ளிக்கூட வடிவியலே இதன் அடிப்படை.

ஏறத்தாழ 350 மி.மீ. சதுரமான ஒட்டுப்பலகைத் துண்டொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனைத் தடுப்புச் சட்டத்தில் அணைத்து வலப்பக்க விளிம்பிலிருந்து சிறு கீற்றை வெட்டி நீக்கவேண்டும். இது முதல் வெட்டு. பின்னர் பலகையை வலஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பினால், இப்போது வெட்டிய விளிம்பு தடுப்புச் சட்டத்தில் வந்து அணையும். மீண்டும் வலப்பக்கத்தை வெட்டவேண்டும். இவ்வாறே மூன்றாவது, நான்காவது வெட்டுக்கள். ஐந்தாவது வெட்டுக்காகத் திருப்பும்போது முதலில் வெட்டிய விளிம்பே மறுபடியும் வலப்பக்கம் வரும். இம்முறை 25 மி.மீ. அளவு அகலமான கீற்றை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அக்கீற்றே நமது அளவுகோல்.

தடுப்புச் சட்டத்தில் சிறு கோணப்பிழை இருப்பதாகக் கொள்வோம். அதனைப் பி என்போம். அவ்வாறாயின் முதலாம், இரண்டாம் விளிம்புகளுக்கு இடையிலுள்ள கோணம் 90+பி. அடுத்த இரு மூலைகளும் அவ்வாறே. மொத்தம் 360 ஆகவேண்டும் என்பதால், எஞ்சிய நான்காவது மூலை 90−3பி ஆகின்றது. ஐந்தாவது வெட்டு அம்மூலையை 90+பி ஆக மாற்றுகின்றது. ஆகவே நீங்கிய கீற்றின் இரு நெடும்பக்கங்களும் ஒன்றுக்கொன்று 4பி அளவு சாய்ந்திருக்கும். பிழை நான்கு மடங்காகப் பெருகிக் கையில் கிடைக்கின்றது. அறுகோணத்தில் நமக்கு எதிராக வேலை செய்த அதே பெருக்கல், இங்கே அளப்பதற்கு உதவுகின்றது.

எடுத்துக்காட்டாக, கீற்றின் நீளம் 300 மி.மீ. என்றும், வெர்னியர் அளவியால் அளந்தபோது தடுப்புச் சட்டத்தை ஒட்டியிருந்த முனையின் அகலம் 25.60, மறுமுனையின் அகலம் 25.20 மி.மீ. என்றும் கொள்வோம். வேறுபாடு 0.40. நான்கால் வகுத்தால் 0.10. அதாவது 300 மி.மீ. நீளத்துக்கு 0.10 மி.மீ. பிழை, கோணத்தில் ஏறத்தாழ 0.019 பாகை. சுழலச்சான திருகாணியிலிருந்து சட்டத்தின் இடது முனை 450 மி.மீ. தொலைவில் இருந்தால், அம்முனையை 0.10 × 450 ÷ 300 = 0.15 மி.மீ. நகர்த்த வேண்டும்.

எத்திசையில் நகர்த்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுவர். சட்டத்தை ஒட்டிய முனை அகன்றிருந்தால் கோணம் 90 பாகையை விட அதிகம் என்று பொருள். அப்போது சட்டத்தின் இடது முனையை முன்னோக்கி, அதாவது தச்சரை விட்டு விலகும் திசையில் நகர்த்தவேண்டும். மறுமுனை அகன்றிருந்தால் தச்சரை நோக்கி இழுக்கவேண்டும். பலகையின் பெரும்பகுதி தகட்டின் இடப்புறமும், கீற்று வலப்புறமும், சுழலச்சு வலது முனையிலும் இருக்கும்போது மட்டுமே இவ்விதி பொருந்தும். இடம் மாறினால் திசையும் மாறும்.

0.15 மி.மீ. நகர்த்துவதற்கு, இரு சக்கர வண்டிப் பட்டறைகளில் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படும் ஃபீலர் கேஜ் போதும். நகரவேண்டிய பக்கத்தில் ஒரு கட்டையை, சட்டத்துக்கும் அதற்கும் நடுவே 0.15 மி.மீ. தகட்டை வைத்து, அடிப்பலகையுடன் இறுக்கவேண்டும். பின்பு தகட்டை உருவிவிட்டுச் சட்டத்தைக் கட்டையோடு நெருக்கினால் சரியாக அவ்வளவே நகர்ந்திருக்கும். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் சாதாரண அச்சுத்தாளைப் பயன்படுத்தலாம். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. நகர்த்தியபின் இடது முனையில் புதிய துளையிட்டுத் திருகாணி இடவேண்டும். பழைய துளையிலேயே இட்டால் திருகாணி சட்டத்தை முன்னிருந்த இடத்துக்கே இழுத்துவிடும். மறுபடியும் ஐந்து வெட்டுக்களைச் செய்து பார்த்தல் வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் வேறுபாடு 0.1 மி.மீ.க்குக் கீழே வந்தால் மரவேலைக்கு அதுவே மிகையானது. அதற்கும் மேல் துரத்துவது வீண்வேலை. ஈரப்பதத்தால் மரமே அதைவிட அதிகம் அசையும்.

நீளமும் சாய்கோணமும்

ஒரே நீளமுள்ள துண்டுகளை வெட்டுவதற்குத் தடுப்புச் சட்டத்தின் மீது ஒரு நிறுத்துக்கட்டை இறுக்கப்படுகின்றது. அளவுநாடா ஒருமுறை மட்டுமே தேவை. கட்டையின் கீழ் மூலையைச் சிறிது சீவிவிட்டால் மரத்தூள் அங்கே சேர்ந்து நீளத்தைக் குறைத்துவிடாது. சிறிய செய்தியாகத் தோன்றினாலும் துண்டுகள் சமமாக வராததற்கு இதுவே அடிக்கடி காரணமாகின்றது.

படச்சட்டகம் போன்றவற்றிற்கு 45 பாகை வெட்டுத் தேவை. இதற்கான சறுக்குப்பலகையில் இரு தடுப்புச் சட்டங்கள், தகட்டின் இருபுறமும் ஆப்பு வடிவில் அமையும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு சட்டமும் தகட்டுக்குச் சரியாக 45 பாகையில் நிற்பது அவ்வளவு முக்கியமன்று. இரு சட்டங்களும் ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் நிற்பதே முக்கியம். இடச்சட்டத்தில் வெட்டிய முனை 44.8 பாகை என்றால் வலச்சட்டத்தில் வெட்டிய முனை 45.2 பாகையாக இருக்கும். இரண்டும் சேரும்போது 90. ஒவ்வொரு மூட்டிலும் இடத்தில் வெட்டிய ஒரு முனையும் வலத்தில் வெட்டிய ஒரு முனையும் சேருமாறு பார்த்துக்கொண்டால் பிழை தானே நீங்கிவிடும். ஆனால் எதிரெதிர்த் துண்டுகள் நீளத்தில் சமமாக இல்லாவிட்டால், கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மூலை திறந்துகொள்ளும்.

பெட்டிகளின் மூலையில் வரும் விரல்மூட்டுக்கும் இதுபோன்ற ஜிக் உண்டு. முன்பு வெட்டிய பள்ளத்தை ஒரு முளையில் மாட்டி அடுத்த பள்ளம் வெட்டப்படுகின்றது. முளையின் தூரத்தில் 0.05 மி.மீ. தவறு இருந்தால் இருபதாவது விரலில் அது 1 மி.மீ. ஆகிவிடும்.

பாதுகாப்பு

பத்து அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கள் சுழலும்போது அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. தச்சருக்கு அருகிலுள்ள பற்கள் கீழ்நோக்கியும் பின்புறத்துப் பற்கள் மேல்நோக்கியும் செல்வதால், மரம் சிறிது திரும்பிப் பின்புறப் பற்களில் சிக்கினால் அது மேலெழுந்து தச்சரை நோக்கி எறியப்படும். குறுக்கே வெட்டும்போது பக்கச் சட்டத்தையே நிறுத்துக்கட்டையாகப் பயன்படுத்துவது இதற்கு ஒரு முக்கிய காரணம். வெட்டுண்ட துண்டு தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். சறுக்குப்பலகையில் மரத்தின் இருபுறமும் பலகையோடு சேர்ந்தே நகர்வதால் இவ்விபத்து பெரிதும் குறைகின்றது.

ஆனால் சறுக்குப்பலகையைப் பயன்படுத்துவதற்காகத் தகட்டின் மேலுள்ள காப்புமூடியைப் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கின்றது. இதனைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் மேசை ரம்பக் காயங்களுக்காக அவசர சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டுள்ளது. எனவே தடுப்புச் சட்டத்துக்கும் இணைப்புச் சட்டத்துக்கும் இடையே தகட்டின் மேலாக ஓர் ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டைப் பொருத்துவது நல்லது. வெட்டு முடிந்தபின் ரம்பத் தகடு தடுப்புச் சட்டத்தைக் கடந்து தச்சரின் பக்கம் வெளிவரும். சட்டத்தைப் பிடித்துத் தள்ளும் பெருவிரல்கள் இருக்கும் இடமும் அதுவே. அவ்விடத்தில் தடித்த மரக்கட்டையொன்றை ஒட்டி, தகடு அதனுள்ளேயே மறையுமாறு செய்யவேண்டும். சறுக்குப்பலகை அதற்கு மேல் முன்னேறாதபடி ஒரு தடையும் அமைக்கலாம். இவ்விரண்டும் இல்லாத சறுக்குப்பலகையை முற்றுப்பெற்றதாகக் கொள்ளக்கூடாது.

அமெரிக்கரான ஸ்டீவன் காஸ் 1999 ஆம் ஆண்டில் உருவாக்கிய சாஸ்டாப் என்னும் அமைப்பு, விரல் பட்டவுடன் உடலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து, அலுமினியக் கட்டையொன்றைத் தகட்டில் பாய்ச்சி ஏறத்தாழ 5 மில்லிசெக்கனில் நிறுத்திவிடுகின்றது. இவ்வகை ரம்பத்தில் சறுக்குப்பலகையின் உலோகப் பகுதி எதுவும் தகட்டைத் தொட்டாலும் இதே விளைவுதான். தடுப்புக் கட்டையும் தகடும் வீணாகும்.

பராமரிப்பு

அடிப்பலகைக்கும் ஓடுசட்டங்களுக்கும் அவ்வப்போது மெழுகு தேய்த்தால் பலகை இலகுவாக ஓடும். மழைக்காலத்தில் மர ஓடுசட்டங்கள் உப்பி இறுகக்கூடும். அப்போது கரிய தடம் பதிந்த இடங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். முழுவதும் தேய்த்தால் கோடையில் ஆட்டம் கொடுக்கும். பலகையைச் சுவரில் சாய்த்து வைப்பதைவிட ஆணியில் தொங்கவிடுவதே நல்லது. கீழே விழுந்தாலோ புதிய தகடு மாற்றினாலோ ஐந்து வெட்டு முறையை மறுபடியும் செய்து பார்த்தல் வேண்டும். இதற்குப் பதினைந்து நிமிடமும் ஒரு துண்டு ஒட்டுப்பலகையும் போதும்.